ஈரமும் உலர்வும்: கண்டிப் பிரதேச நாய் வளர்ப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தமிழ் வழங்கும் நிலமெங்கணும் பயின்றுவரும் பழமொழிகளுள் “நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு குப்பைக்குத்தான் போகும்” என்பதும் ஒன்றாகும். இடத்துக்கிடம் சொல்லில் சிறுசிறு வேறுபாடுகள் காணப்படினும் பொருள் ஒன்றே. பிறவிக் குணம் எவ்வகைப் பேணுதலாலும் மாறாது என்பதை வலியுறுத்தவே இஃது எடுத்தாளப்படுகின்றது. நாயைப் பற்றிய கூற்றாயினும் இது பெரும்பாலும் மனிதரை நோக்கியே எறியப்படுவது. சிலரைத் தாழ்ந்தோரென ஒதுக்கிய சமூகம், அவ்வொதுக்கலுக்கு இயற்கையையே சாட்சியாக அழைக்கும் போக்கு இப்பழமொழியில் உறைந்து கிடக்கின்றது.

எனினும், இதனை ஒரு வரலாற்றுச் சான்றாகக் கொண்டு நோக்குவோமாயின் வேறொரு செய்தி புலனாகும். இங்கு மனிதன் செய்வனவாகக் கூறப்படும் செயல்கள் இரண்டு: ஒன்று குளிப்பாட்டுதல், மற்றையது நடுவீட்டில் வைத்தல். இவ்விரண்டுக்கும் இடையே நிகழ வேண்டிய மூன்றாவது செயலாகிய உலர்த்துதல் பற்றிப் பழமொழி யாதொன்றும் கூறவில்லை. நனைந்த நாய் உடலை உதறும்; வெளியே ஓடும்; மண்ணிலும் புல்லிலும் புரளும். இவையெல்லாம் அதன் குணக்கேட்டுக்குச் சான்றுகளா? அன்றி, தன்னை உலர்த்துவார் இல்லாத ஓர் உயிர் தானே மேற்கொள்ளும் முயற்சிகளா? இவ்வினாவைத் தொடக்கமாகக் கொண்டு, மடவளையை உள்ளிட்ட கண்டிப் பிரதேசத்தில் நாயின் மயிர்ப் போர்வை எவ்வாறு நோக்கப்பட்டும் பேணப்பட்டும் வந்துள்ளது என்பதை ஆராய்வதும், இன்றைய அறிவு அதுபற்றிக் கூறுவதைத் தொகுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிலமும் நீரும்

மடவளை, கண்டி மாநகரின் வடகிழக்கே வத்துகாமம் செல்லும் வீதியில், பாத்ததும்பறைப் பிரதேசத்தில் அமைந்த ஊர். தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் பஸாரும், அதனைச் சூழ்ந்து சிங்கள பௌத்தர் வாழும் கிராமங்களும், அப்பால் தோட்டங்களுமாக இப்பிரதேசம் விளங்குகின்றது. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றும் இதற்கு மழை தருவன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சித்திரை, ஐப்பசி மாதங்களிலும் பிற்பகல் இடிமழை பெய்யும். ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 2000 மில்லிமீற்றர்.

இப்புள்ளிவிவரம் நமது பொருளுக்குப் புறம்பானதன்று. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ ஆண்டின் பெரும்பகுதியில் நனைந்த நாயை வெயிலும் காற்றுமே உலர்த்திவிடும். கண்டிப் பிரதேசத்திலோ, ஐப்பசி கார்த்திகைக் காலத்தில் கொடியிலிட்ட துணியே இரண்டு மூன்று நாட்கள் உலராது ஈரவாடை வீசும். துணிக்கு உள்ள கதியே மயிர்ப் போர்வைக்கும் உண்டு. துணியை நாம் கழற்றிவிடலாம். நாயால் அது இயலாது என்பதே வேறுபாடு.

நம் நாட்டு ஊர்நாயின் மயிர் குறுகியது, உடலோடு ஒட்டியது, அடிமயிர் மிகக் குறைந்தது. ஒருமுறை உதறினால் நீரின் பெரும்பகுதி நீங்கிவிடும். ஆதலின், உலர்த்துதல் என்பது ஊர்நாயைப் பொறுத்தவரையில் மனிதன் கவலைகொள்ள வேண்டிய தொழிலாக நெடுங்காலம் இருந்ததில்லை. அது தொழிலாக மாறிய வரலாறு, வேற்று நிலத்துப் போர்வை அணிந்த நாய்கள் மலைநாட்டுக்கு வந்த வரலாறேயாகும்.

2. பண்டைச் சான்றுகள்

தமிழர் வாழ்வில் நாய் பெற்றிருந்த இடம் மிகப் பழமையானது. நாய், ஞமலி, ஞாளி எனப் பல பெயர்கள் பழைய நூல்களில் வழங்குகின்றன. இவற்றுள் ஞமலி என்பது பூழி நாட்டார் வழக்கெனத் தொல்காப்பிய உரைகாரர் குறிப்பர். நாயின் குட்டியைக் குருளை எனல் மரபு என்பதைத் தொல்காப்பிய மரபியல் வரையறுத்துக் கூறுகின்றது. புலி, பன்றி, முயல் ஆகியவற்றின் இளமைக்கும் அப்பெயரே உரியதாக்கப்பட்டுள்ளமை ஈண்டு நோக்கற்பாலது. இழிபொருளோ ஏளனமோ இவ்வகைப்பாட்டில் இல்லை.

கல்வெட்டுச் சான்றுகளுள் தலைசிறந்தது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியது, வீழ்ந்த வீரனோடு அவனுடைய நாயையும் உருவாகக் காட்டுகின்றது. கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. பெயர், செயல், உருவம் ஆகிய மூன்றும் கல்லில் நிலைபெறும் பேறு அக்காலத்து மனிதர் பலருக்கும் கிட்டாத ஒன்று.

ஈழத்து வரலாற்று மரபிலும் நாய் தொடக்கத்திலேயே தோன்றுகின்றது. விசயனும் அவனுடைய தோழரும் கரையிறங்கிய வேளையில் யக்கினி ஒருத்தி பெண்நாய் வடிவில் அவர்கள்முன் தோன்றினாள் என்றும், நாய் உள்ளவிடத்தில் ஊர் இருத்தல் வேண்டுமென எண்ணிய ஒருவன் அதனைப் பின்தொடர்ந்தான் என்றும் மகாவம்சம் கூறுகின்றது. இக்கதையின் வரலாற்றுண்மை எவ்வாறாயினும், நாயே குடியிருப்பின் அடையாளம் என்னும் கருத்து அந்நூல் எழுந்த காலத்தில் நிலைபெற்றிருந்தமை இதனால் அறியக்கிடக்கின்றது.

இச்சான்றுகள் அனைத்திலும் நாய் காவலாகவும் வேட்டைத் துணையாகவும் வழிகாட்டியாகவும் வருகின்றது. நாம் நோக்கிய அளவில், அதனைக் குளிப்பாட்டியதாகவோ மயிர் சீவியதாகவோ செய்தி இவற்றுள் இல்லை. இதனை அன்பின்மை எனக் கொள்ளுதல் பொருந்தாது. உணவும், வாயிலோரத்து இடமும், இறந்தபின் நினைவும் அளித்த சமூகம், குறுமயிர் கொண்ட அவ்வுயிருக்கு வேறு பேணுதல் தேவைப்படாமையால் அதனை நாடவில்லை என்றே கருதலாம்.

3. கண்டியரசும் தோட்டங்களும்

கண்டியரசின் காலத்தைப் பொறுத்தவரையில் ரொபர்ட் நொக்ஸ் எழுதிய நூல் முதன்மைச் சான்றாகும். 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு 1679ஆம் ஆண்டு தப்பிச் சென்ற அவர், 1681ஆம் ஆண்டு தம் நூலை வெளியிட்டார். இரண்டாம் இராசசிங்கன் வேட்டைப் பறவைகளிலும் குதிரைகளிலும் நாய்களிலும் அரிய விலங்குகளிலும் பெருவிருப்புடையவன் என அவர் எழுதுகின்றார். கடல்வழி வந்த ஐரோப்பியர் அரசனின் நட்பை நாடிய காலம் அது. வேற்று நாட்டு நாய் மலைநாட்டில் அரசவைப் பொருளாக மதிக்கப்பட்டது என்பது இதனாற் பெறப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1815ஆம் ஆண்டு கண்டியரசு பிரித்தானியர் வசமானது; 1820களில் கம்பளைப் பகுதியிலும் பேராதனையை அடுத்த கன்னொருவையிலும் கோப்பிச் செய்கை வேரூன்றியது. துரைமாரின் பங்களாக்களோடு அவர்தம் நாய்களும் வந்தன. இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டவர் சாமுவேல் பேக்கர். 1848ஆம் ஆண்டு நுவரெலியாவில் குடியேற்றம் ஒன்றை அமைக்க முற்பட்ட அவர், இங்கிலாந்திலிருந்து ஆட்களோடும் கால்நடைகளோடும் வேட்டை நாய்க் கூட்டம் ஒன்றையும் கப்பலில் கொணர்ந்தார். மலையுச்சிக் காடுகளில் மரைவேட்டை ஆடுவதே அந்நாய்களின் பணி. அவ்வேட்டை பற்றி அவர் எழுதிய நூல்கள் 1850களில் வெளிவந்து பலராலும் படிக்கப்பட்டன. குளிர்ந்த ஓடைகளில் நீந்தியும், அட்டை நிறைந்த ஈரக்காட்டில் அலைந்தும் திரும்பிய நாய்களை வைத்துப் பேணுதல் அன்றாட வேலையாயிற்று. காய்ந்த தரையுடைய நாய்க்கூடம், வைக்கோற் படுக்கை, நெருப்பின் வெப்பம் ஆகியனவே அக்கால உலர்த்தும் கருவிகள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த நாயொன்றையும் ஈண்டுக் குறிப்பிடலாம். 1904ஆம் ஆண்டு இலங்கை நிர்வாக சேவைக்கு வந்த லெனாட் வூல்ஃப், சார்ள்ஸ் என்னும் பெயருடைய கம்பிமயிர் நரிவேட்டை நாயைத் தம்மோடு கொணர்ந்தார். வூல்ஃப் பின்னர் 1907, 1908ஆம் ஆண்டுகளில் கண்டிக் கச்சேரியில் பணியாற்றினார். சொரசொரப்பான மேன்மயிரும் அடர்ந்த அடிமயிரும் கொண்ட அவ்வினம் இங்கிலாந்தின் குளிருக்கும் தூறலுக்கும் ஏற்றது. வெப்பமும் ஈரமும் ஒருங்கே நிலவும் நாட்டில் அதே போர்வை சுமையாக மாறுகின்றது. போர்வை நிலத்துக்கு உரியது என்னும் உண்மையைக் கப்பலேறி வந்த ஒவ்வொரு நாயும் தன் தோலில் அனுபவித்தது எனலாம்.

இந்நாய்களைக் கழுவியோர் யாவர்? துடைத்தோர் யாவர்? துரைமாரின் நூல்களில் நாய்களுக்குப் பெயர் உண்டு, வீரச்செயல் உண்டு. பங்களாவின் பின்புறத்தில் அவற்றைத் துடைத்து உலர்த்திய கைகளுக்குப் பெரும்பாலும் பெயரில்லை. அப்பு, தோட்டக்காரன், குதிரைக்காரன் எனத் தொழிற்பெயரே அவர்க்குப் பெயர். அவர்களுட் பலர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தோர். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில், ஒழுகும் கூரையின்கீழ், உலராத கம்பளியோடு மழைக்காலத்தைக் கழித்த மனிதர், விடிந்ததும் பங்களாவுக்குச் சென்று துரையின் நாயை உலர்ந்த துவாயாற் போர்த்தினர். நாய் உலர்த்தப்பட்டமை தவறன்று. உலர்த்தியவர் உலராதிருந்தமையே தவறு. எடுத்தனூர்க் கல்லில் நாயும் மனிதனும் ஒரே கல்லில் நின்றனர். தோட்டத்து ஏட்டிலோ நாய் மட்டுமே நின்றது. நாய் பற்றிய பழமொழி மனிதர்மீது எறியப்படும் நாட்டில் இம்முரண் கருதத்தக்கது.

4. சட்டமும் மருத்துவமும்

அரசு நாயின்மீது கைவைத்தது வேறு காரணத்தால். விசர்நாய்க்கடி நோயைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. உரிமையாளர் அறியப்படாத நாயைக் கொல்லுதலே நெடுங்காலம் முதன்மை வழியாகக் கொள்ளப்பட்டது. 1973ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நோயால் 377 பேர் இறந்தனர். 1975ஆம் ஆண்டு முதல் நாடளாவிய தடுப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நாய்களுக்குத் தடுப்பூசி பரவலாக ஏற்றப்பட்டதன் பயனாக இறப்புகள் படிப்படியாகக் குறைந்து, அண்மைக் காலத்தில் ஆண்டொன்றுக்குச் சில பத்துகள் என்னும் அளவை அடைந்துள்ளன. தெருநாய்களைக் கொல்லும் முறை 2006ஆம் ஆண்டிலிருந்து கைவிடப்பட்டது.

இந்நோய்க்கு நீர்வெறுப்பு நோய் என்னும் பெயரும் உண்டு. நாயும் நீரும் என்றவுடன் நம் மக்கள் மனத்தில் முதலில் எழுந்தது இவ்வச்சமே. நனைக்கவும் துடைக்கவும் நாயை நெருங்குதல் வேண்டும். நெருங்குவதற்கு அச்சம் நீங்குதல் வேண்டும். அச்சத்தை நீக்கியது தடுப்பூசி. ஆகவே, வீட்டில் நாயின் மயிரைப் பேணும் வழக்கம் பரவியதற்குத் தடுப்பூசியும் ஒரு காரணமெனக் கருத இடமுண்டு.

கால்நடை மருத்துவக் கல்வி 1947ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கொழும்பில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடம் மடவளையிலிருந்து சிறிது தூரத்திலேயே அமைந்துள்ளமை இப்பிரதேசத்துக்கு வாய்த்த பேறாகும். அதனோடிணைந்த போதனா மருத்துவமனை, தோல்நோய்க்கு மண்ணெண்ணெயும் எஞ்சின் கழிவெண்ணெயும் பூசும் பழைய வழக்கத்துக்கு மாற்றான சிகிச்சையை மக்களுக்கு எட்டும் தூரத்தில் வைத்தது. அவ்வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அவ்வெண்ணெய்கள் தோலைப் புண்ணாக்குவதோடு, நாய் நக்கும்போது உள்ளே சென்று நஞ்சாகின்றன.

5. மடவளையில் ஈரத்தின் பொருள்

நனைந்த நாய் என்பது மடவளையில் உடல்நலம் சார்ந்த பொருள் மட்டுமன்று. சமயச் சட்டம் சார்ந்த பொருளுமாகும். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். அம்மரபின்படி நாய் கடும் நஜீஸ் வகையைச் சேர்ந்தது. நாயின் உமிழ்நீரோ ஈரமோ பட்டவிடத்தை ஏழு தரம், அவற்றுள் ஒருதரம் மண்கலந்த நீரால், கழுவுதல் வேண்டும். ஆனால் அதே சட்டம் நுட்பமான ஒரு வரையறையையும் தருகின்றது: நாயும் தொட்டவரும் இருபுறமும் உலர்ந்திருப்பின் நஜீஸ் தொற்றுவதில்லை. ஈரமே அதனைக் கடத்துவது.

மற்றை மத்ஹபுகளின் நிலை வேறு. ஹனபி மரபில் உமிழ்நீர் நஜீஸ். உடலும் மயிரும் அத்தகையன அல்ல என்பதே பெருவழக்கான கருத்து. மாலிகி மரபிலோ உயிருள்ள நாய் தூயதே. வேட்டைக்கும் கால்நடைக்கும் பயிருக்கும் காவலாக நாய் வளர்த்தல் அனுமதிக்கப்பட்டதாகும். பயிற்றிய வேட்டை நாய் பிடித்ததை உண்ணலாமெனக் குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் கூறுகின்றது. குகைவாசிகளோடு வாயிலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த நாயைப் பதினெட்டாம் அத்தியாயம் நினைவுகூர்கின்றது. தாகத்தால் வருந்திய நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி ஹதீஸ்களில் உண்டு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த பக்தாதின் அறிஞர் இப்னுல் மர்ஸுபான், ஆடையுடுத்தோர் பலரினும் நாய் மேலானது என்னும் கருத்தில் ஒரு நூலே தொகுத்தார். ஆகவே, கழுவுதல் பற்றிய சட்டத்தை வெறுப்பின் சட்டமாகப் பொருள்கொள்வது பிழை. அது தொழுகைக்கு உரிய தூய்மை பற்றியது. உயிரைத் துன்புறுத்த அதில் இடமில்லை.

இவ்வரையறை அன்றாட வாழ்வில் எவ்வாறு தொழிற்படுகின்றது? கலப்புக் குடியிருப்பில் ஒரு வீட்டில் நாய் உண்டு. அடுத்த வீட்டில் தொழுகை உண்டு. மழை விட்டதும் நனைந்த நாய் அவிழ்த்துவிடப்படின், அது வேலி கடந்து அயல்வீட்டுத் திண்ணையில் உதறும். பள்ளிவாசலுக்குப் புறப்பட்டவரின் சாரத்தில் உரசும். அவர் திரும்பிச் சென்று ஏழு தரம் கழுவுதல் வேண்டும். கல்லெறியும் வசைச்சொல்லும் இத்தகைய கணங்களிலேயே பிறக்கின்றன. அதே நாய் உலர்ந்திருப்பின் உரசலால் சட்டப் பிரச்சினை எழுவதில்லை. நாயை உலர்த்தியபின் அவிழ்த்துவிடுதல், இப்பிரதேசத்தைப் பொறுத்தவரையில், விலங்குக்குச் செய்யும் உபகாரம் மட்டுமன்று. அயலவருக்குச் செய்யும் மரியாதையுமாகும். இன, மதப் பூசல்கள் பலவற்றைக் கண்ட நாட்டில் ஒரு துவாயின் பணி சிறிதன்று.

6. உலர்த்தும் முறை: இன்றைய அறிவு

நாயின் உதறல் பற்றி அண்மைக்கால ஆய்வுகள் பல தெளிவுகளைத் தந்துள்ளன. அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவன ஆய்வாளர் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, நனைந்த பாலூட்டிகள் தத்தம் உடலளவுக்கு ஏற்ற வேகத்தில் உதறுகின்றன. எலி செக்கனுக்கு முப்பது முறையளவில் உதறும். பெரிய நாய்க்கு நான்கு ஐந்து முறை போதும். சில செக்கன்களிலேயே மயிரில் தங்கிய நீரில் ஏறத்தாழ எழுபது வீதத்தை நாய் நீக்கிவிடுகின்றது. 2024ஆம் ஆண்டு ஹாவர்ட் ஆய்வாளர், மயிர்க்கால்களைச் சூழ்ந்த மென்தொடுகை நரம்புகளே இவ்வுதறலைத் தூண்டுவன என எலிகளில் காட்டினர். ஆகவே உதறல் குறும்பன்று; உடலின் தற்காப்பு. குளிப்பாட்டியவர் முதலிற் செய்ய வேண்டுவது சற்று விலகி நின்று நாயை உதறவிடுவதே.

எஞ்சும் முப்பது வீதமே கேடு விளைப்பது. நீள்மயிர் நாய்களில் அது அடிமயிரில் தங்கும். நாயின் மேற்றோல் மனிதத் தோலினும் மெல்லியது. வெப்பமும் ஈரமும் அடைபட்டவிடத்தில் பற்றீரியாவும் ஈஸ்ற்றும் பெருகும். நாய் கடித்தும் சொறிந்தும் அவ்விடத்தை ஈரப்புண்ணாக்கும். நம் வீட்டில் வளர்ந்த நீள்மயிர் நாயொன்றை ஐப்பசி மாத மாலையொன்றில் குளிப்பாட்டி, மேற்புறம் காய்ந்ததைக் கண்டு உலர்ந்ததெனக் கருதி விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் வாடை வீசியது. காதின்கீழ் மயிரை விலக்கியபோது உள்ளங்கையளவு புண் காணப்பட்டது. மயிரை மழித்து மருந்திட்ட வைத்தியர், மேலே தடவிப் பார்த்தது போதாது, விரலைத் தோல்வரை விட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்றார். இக்கட்டுரை எழுதத் தூண்டியது அப்புண்ணேயாகும்.

முறையாவது வருமாறு. குளிப்பாட்டுமுன்னரே சிக்கெடுத்தல் வேண்டும். சிக்கு நனைந்தால் இறுகி, உள்ளே நீரைப் பிடித்துவைக்கும். காலையிலேயே, மழையில்லாத நாளில், இளஞ்சூட்டு நீராற் குளிப்பாட்டுதல் நன்று. நாயின் தோல் மனிதத் தோலினும் அமிலத்தன்மை குறைந்ததாதலின் மனிதருக்குரிய ஷாம்புவும் சலவைச் சவர்க்காரமும் ஏலா. நுரை எஞ்சாது அலசுதல் வேண்டும்.

உதறிய பின் துவாயால் ஒற்றி எடுத்தல் வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகத் தேய்ப்பின் நீள்மயிர் முறுக்கிச் சிக்காகும். துவாயை மயிர்மீது வைத்து அழுத்தி, நீரை அது உறிஞ்சியபின் எடுத்து, உலர்ந்த பக்கத்தை மீண்டும் வைத்தல் வேண்டும். நனைந்த ஒரு துவாயால் நெடுநேரம் துடைப்பதினும் உலர்ந்த இரண்டு துவாய்கள் பயன் மிக்கன. காதுமடலின் உட்புறம், கழுத்துப்பட்டியின் கீழ், அக்குள், அடிவயிறு, வாலின் அடி, விரலிடைகள் ஆகியன மறக்கப்படும் இடங்கள். கழுத்துப்பட்டியைக் கழற்றி அதனையும் தனியே உலர்த்துதல் வேண்டும்.

காற்றுலர்த்தி எனப்படும் ஹெயார் ட்ரையரைக் கையாள்வதில் மிகுந்த விழிப்புத் தேவை. நாய்க்கு வியர்வை வழியாக உடற்சூட்டைத் தணிக்கும் ஆற்றல் மிகக் குறைவு. மூச்சிரைத்தலே அதன் வழி. வெப்பக்காற்று தோலைச் சுடுவதோடு உடற்சூட்டையும் உயர்த்தும். ஆதலின் குளிர்ந்த காற்றோ மிகக் குறைந்த சூடோ மட்டுமே உகந்தது. கருவியை ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்திற் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாது அசைத்தபடி, மறுகையை நாயின் தோல்மீது வைத்துச் சூட்டை அறிந்துகொண்டே இருத்தல் வேண்டும். நமது கைக்குப் பொறுக்காதது நாய்க்கும் பொறுக்காது. முகத்தையும் காதுத் துளையையும் நோக்கிக் காற்றைச் செலுத்தலாகாது. ஒலிக்கு அஞ்சும் நாயை வற்புறுத்தலாகாது. அணைத்த கருவியை முதலில் மோப்பம் பிடிக்கவிட்டு, பின்னர் தூரத்தில் இயக்கி, சிறுகச்சிறுகப் பழக்கலாம். நாக்கு நீட்டிக் கடுமையாக மூச்சிரைத்தல், முரசு செக்கச் சிவத்தல், தள்ளாடுதல் ஆகியன தோன்றின் உடனே நிறுத்தி, நிழலும் குளிர்ந்த நீரும் தந்து வைத்தியரை நாடுதல் வேண்டும். தட்டைமூக்கு இனங்களுக்கும் முதிய நாய்களுக்கும் இவ்வாபத்து மிகுதி. கூட்டில் அடைத்துச் சூடான காற்றைச் செலுத்திவிட்டு அப்பால் செல்லுதல் உயிருக்கே உலைவைக்கும்.

மின்சார ஆபத்தையும் மறத்தலாகாது. நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. குளியலறையில், ஈரத்தரையில், நனைந்த கையோடு கருவியை இயக்குதல் கூடாது. தரை காய்ந்த வேறிடத்தில், ட்ரிப் ஸ்விட்ச் பொருத்திய இணைப்பில், வயரை நாயின் வாய்க்கு எட்டாது வைத்துப் பயன்படுத்துதல் வேண்டும். கருவி இல்லாதார் வருந்த வேண்டுவதில்லை. துவாயும் மின்விசிறியும் காலை இளவெயிலும் பொறுமையும் பெரும்பாலான நாய்களுக்குப் போதியன. குட்டிகள் மட்டும் காற்றோட்டத்தில் குளிர்ந்து நடுங்கும். அவற்றைத் துடைத்து உலர்ந்த சாக்கிலோ துணியிலோ பொதிதல் வேண்டும்.

உலர்ந்தபின் சீவுதல் இறுதிப் படி. உண்ணி, தெள்ளு, அட்டைக்கடி, சொறி ஆகியன கண்ணுக்குப் படுவது அப்போதுதான். வெக்கை தணியுமென்று அடிமயிர் மிக்க நாயை முற்றாக மழித்தல் தகாது. அப்போர்வை வெயிலையும் தடுப்பது. அடிக்கடி குளிப்பாட்டுவதும் வேண்டாம். மழைக்காலத்தில் சேறுபட்ட காலையும் வயிற்றையும் மட்டும் கழுவித் துடைப்பதே பல நாட்களுக்குப் போதும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நாயின் மயிரை உலர்த்துதல் என்னும் சிறுசெயல் மலைநாட்டு வரலாற்றின் பல இழைகளைத் தொட்டுச் செல்வதை உணரலாம். குறுமயிர் ஊர்நாய்க்குத் தேவைப்படாத அது, வேற்று நிலத்து நாய்களோடு வந்து, பெயரறியாத் தொழிலாளரின் கையில் ஒரு வேலையாயிற்று. தடுப்பூசி அச்சத்தைக் குறைத்தபோது அது வீடுகளுக்குள் வந்தது. மடவளை போன்ற ஊரில் அஃது அயலவரோடு இணங்கி வாழ்தலின் ஒரு கூறாகவும் விளங்குகின்றது.

பழமொழிக்கு மீள்வோம். நாய் குப்பைக்குப் போனது உண்மையாயிருக்கலாம். ஈரத்தோடு நடுவீட்டில் நிறுத்தப்பட்ட ஓர் உயிர், காய்ந்த மண்ணும் சாம்பலும் உள்ள இடத்தை நாடிச் சென்று புரண்டது. தன் உடலின் வாசனையை மீளப் பெறவும் அது விரும்பியிருக்கலாம். அதனைக் கண்டவர் குணத்தைப் பழித்தார். தம் வேலை பாதியில் நின்றதை எண்ணினாரல்லர். மனிதர்மீது இப்பழமொழி எறியப்படும் போதெல்லாம் இதே வினாவை நாம் எழுப்புதல் தகும்: மாறாதது அவர்தம் குணமா, அன்றி நாம் பாதியில் விட்ட கடமையா? விடையை ஏட்டில் மட்டும் தேட வேண்டுவதில்லை. அடுத்த மழைநாளில் வாசற்படியில் நனைந்து நிற்கும் நாயின் கழுத்து மயிரை விலக்கி, விரலைத் தோல்வரை விட்டுப் பார்த்தலும் அதற்கு ஒரு தொடக்கமாகும்.